எழுதுகிற கை

அமிர்தநாதர் ஊரில் இருபது வருடம் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சபைச் செயலாளராக இருந்தவர். கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் தமிழ்ப் பங்குச் சபையும் அவரையே பிடித்து அந்தக் கதிரையில் இருத்தியது. வேறு எவரும் முன்வரவில்லை என்பதும் உண்மை. கூட்டத்துக்கு அறிவிப்பது, மண்டபத் திறப்பை வாங்கி வந்து கதவு திறப்பது, பேசியதில் வேண்டியதை மட்டும் எழுதுவது, சண்டை வந்தால் முன்பு என்ன தீர்மானித்தோம் என்று சொல்வது, எல்லாம் அவர்தான். ஊரில் எழுதுகிறவர் வாக்களிப்பதில்லை. எழுதுகிற கை ஒரு பக்கம் சாயக் கூடாது என்பார்கள். இங்கே விதிப்படி அவருக்கும் ஒரு வாக்கு இருந்தது. அவர் அதைத் தொட்டதில்லை.

அவர் மனைவி ஜோசப்பின், டோர்செட் பார்க்கில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் இருந்தார். மறதி நோய். கணவரையே "ஆர் நீங்கள்?" என்று கேட்பார். ஊட்டினால் பாதி வெளியே வரும். ஞாயிறு மட்டும் வேறு. தமிழ்ப் பூசைக்கு அமிர்தநாதர் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவார். மாதா கோயில் பக்கத்துத் தெருவில்தான். சனம் சேர்ந்து பாடத் தொடங்கினால் ஜோசப்பினும் பாடுவார், சொல் பிசகாது. பூசை முடிந்து சிறிது நேரம் அவருக்குக் கணவரைத் தெரியும்.

"கோட்டைப் பூட்டுங்கோவன், குளிருது" என்பார், அவர் கோட்டுப் பொத்தானைத் தொட்டு.

அதற்காகத்தான் அந்த மனிதர் கிழமை முழுவதும் காத்திருந்தார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பூசையை மோர்னிங்சைட்டில், காரில் போகும் தூரத்தில் இருக்கும் கோயிலுக்கு மாற்ற வேண்டும் என்றார் என்னைப் போலச் சபை உறுப்பினரான கஸ்பர்.

"இஞ்சை கார் விட இடமில்லை. போன கிழமை என்ர காரை இழுத்துக்கொண்டு போட்டாங்கள், பேபி அக்கா."

"பூசை முடியிற நேரம் வந்தால் எங்கையடா இடம் இருக்கும்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஜோசப்பினைப் பற்றியும் சொன்னேன். தலைவர் மரியநாயகம் அமிர்தநாதரைப் பார்த்தார்.

"அண்ணை, கஷ்டமெண்டால் சொல்லுங்கோ."

"என்ர வீட்டு விஷயம் சபைக்கு எதுக்கு? நீங்கள் தீர்மானியுங்கோ, நான் எழுதுறன்."

கை தூக்கினோம். இரண்டு பக்கமும் சரிசமம்.

"அண்ணை, உங்கட கை ஒண்டு மிச்சம் கிடக்குது" என்றார் தலைவர்.

அவர் நிமிரவில்லை. மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். இழுத்துக்கொண்டார். சமமானால் தலைவர் போடும் வாக்கில் பூசை மோர்னிங்சைட்டுக்குப் போனது. அதையும் அவரே எழுதினார்.

"விசர் வேலை பாத்திட்டியள்" என்றேன், வாசலில்.

"எனக்காகக் கை தூக்கினால், பிள்ளை, நாளைக்கு நான் எழுதுறதை ஆர் நம்புறது?"

சக்கர நாற்காலி ஏற்றும் பஸ் ஜோசப்பினை ஒரு ஞாயிறு பூசை முடிந்த பிறகு கொண்டுபோய் இறக்கியது. அடுத்த ஞாயிறு வரவே இல்லை. காரில் ஏற்றப் பார்த்தோம். ஜோசப்பின் பயந்து கதறினார். அறையில் அமிர்தநாதரும் நானும் பாடினோம். ஜோசப்பின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறக்க மறுத்தார், பாட்டுக்கும் சோற்றுக்கும். மாசியில் நியுமோனியா வந்தது. கணவரிடம் கடைசியாகக் கேட்டதும் "ஆர் நீங்கள்?" என்றுதான். உடம்பைத் துடைத்துச் சேலை கட்டிவிட்டது நான்.

சபைக் கூட்டத் தொடக்கத்தில், இறந்த பங்கு மக்களுக்கான அனுதாபத்தைச் செயலாளர் வாசிப்பது வழக்கம். அன்று தானே வாசிப்பதாக மரியநாயகம் சொன்னார். அமிர்தநாதர் விடவில்லை. மற்றப் பெயர்களோடு பெயராக "திருமதி ஜோசப்பின்" என்று வாசித்தார். எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்தோம்.

அடுத்து, பூசைக்குப் பிறகு தேத்தண்ணி கொடுப்பதா, கோப்பி கொடுப்பதா என்று வாக்கெடுப்பு. மறுபடியும் சரிசமம். மரியநாயகம் செயலாளரின் பக்கம் பார்க்காமல் தன் கையைத் தூக்கப் போனார்.

அமிர்தநாதர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"தேத்தண்ணி" என்றார். "ஜோசப்பின் கோப்பி குடிக்கமாட்டா."

அந்தக் கை இறங்கவே இல்லை. நான்தான் எழுந்து போய்ப் பிடித்து இறக்கினேன்.