டேவிட் மிதித்த கிளட்ச்

இன்று காலை ஜீப்பை எடுக்கப் போனபோது கிளட்ச் பெடல் காலோடு தரைக்குப் போய்விட்டது. திரும்பி வரவில்லை. குனிந்து பார்த்தால் கியர் பாக்ஸுக்குக் கீழே ஈரம். தொட்டு முகர்ந்தேன். பிரேக் ஆயில்; கிளட்சுக்கும் அதுதான். அந்த வாடை வந்தாலே எனக்கு ஊரிகத்தில் டேவிட் வீட்டு வாசல்தான் ஞாபகம்.

ஊரில் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு, இதே பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் பேத்தமங்களாவுக்கு ஆளும் தக்காளிக் கூடையும் ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். டிரைவரும் நானே, மெக்கானிக்கும் நானே. மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரன் என்று கேளுங்கள்: கிளட்ச் சிலிண்டர் ஒழுக ஆரம்பித்ததும், அதை மாற்றாமல் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மட்டும் மாற்றினேன். ஒரு வாரம் தாங்கியது.

எட்டாம் நாள் டேவிட்டின் அப்பா செத்துப்போனார். சுரங்கத் தொழிலாளர் லைனில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. நந்திதுர்க் சுரங்கத்தில் முப்பது வருஷம் பாறை துளைத்தவர். நெஞ்சில் தூசி அடைத்து, கடைசி இரண்டு வருஷம் உட்கார்ந்தேதான் தூங்கினார். நாலு மணிக்கு எடுக்க வேண்டும். சவப்பெட்டி என் ஜீப்பில். மத்தியானம் அவர்கள் வாசலில் வண்டியை நிறுத்தும்போது பெடல் தரையோடு போனது.

டேவிட்டிடம் மறைக்கவில்லை. "தப்பு என்னுதுடா. போன வாரமே புதுசு போட்டிருக்கணும்."

"அத்த உடு. இப்போ இன்னா வேணும், சொல்லு."

ராபர்ட்சன்பேட்டைக்குச் சைக்கிளில் பறந்து, புது சிலிண்டர் வாங்கி வந்து மாட்டியபோது மணி மூன்று. இனி குழாயிலிருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே படுத்திருப்பவர் சிலிண்டரின் நிப்பிள் திருகைத் திறந்து காற்றை விட்டு மூடுவார். மூடும் முன்பு காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். யாரைக் கூப்பிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டேவிட்டே ஏறி உட்கார்ந்தான்.

"நீ உள்ள போடா, அம்மா தனியா கீறாங்க."

"உள்ள உக்கார முடியல. நான் மிதிக்கிறேன்."

மிதி, புடி, உடு என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் ஜெபப் பாட்டு கேட்டது. ஏழாவதோ எட்டாவதோ தடவை, நிப்பிளை மூடிவிட்டு "உடு" என்றேன். பெடல் வரவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். தரைத்தகட்டில் துரு தின்ற ஓட்டை வழியாக அவன் பாதம் தெரிந்தது. நடுநடுங்கிக்கொண்டே அழுத்திப் பிடித்திருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன். ஸ்பேனரைப் பிடித்தபடி கிடந்தேன். வெகு நேரம் கழித்து மேலேயிருந்து கேட்டான்.

"உடட்டா?"

"உடு."

நாலு மணிக்குப் புறப்பட்டோம். முதல் கியர், நடை வேகம். டேவிட் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். அவன் அப்பாவோடு ஒரே ஷிப்டில் இறங்கியவர்கள் இருபது பேர் இருக்கும், மூச்சு வாங்க வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். அவர்கள் வந்து சேரட்டும் என்று நின்று நின்று போனேன். கிளட்ச் ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை.

டேவிட் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அன்று நடந்து வந்தவர்களையும் பிறகு ஒவ்வொருவராக நான்தான் கொண்டுபோனேன். ஒவ்வொரு தடவையும் பின்னால் வருகிறவர்கள் குறைந்தார்கள். கடைசியாக அந்தோணி மாமா. அவர் பிள்ளைகள் காரில் முன்னால் போய்விட்டார்கள். பாதி வழியில் கண்ணாடியைப் பார்த்தேன். ரோட்டில் யாருமில்லை. கல்லறைக்குப் போகிற வழியில் முதல் முறையாக இரண்டாவது கியர் போட்டேன்.