பேர் எங்க கீது?

யாருக்கும் யார்மேலும் அதிகாரம் கூடாது என்று எழுதுகிற சிற்றிதழ் எங்களுடையது. ராயபுரத்தில் ஜெராக்ஸ் எடுத்து, நாங்களே பின் அடித்து, மின்சார ரயிலில் கொடுப்போம். அதில் யார் பெயரும் இருக்காது. அதுதான் எங்கள் பெருமை.

எண்ணூரில் ஒரு கம்பெனியில் தொட்டி கழுவ இறங்கிச் செத்துப்போன ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றி எழுதினேன். இதழை அவர் மனைவியிடம் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல அவரு பேரு எங்க கீது? காட்டு நைனா."

பெயர் போடுவதில்லை என்றேன்.

"கம்பெனிக்காரன் அப்டி ஒரு ஆளே வேலைக்கு வர்லன்னுட்டான். நீயும் வுட்டுட்டியா?"

பேனா எடுத்து, தலைப்புக்கு மேலே 'முனுசாமி' என்று எழுதினேன். அவர் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அதிகாரமே கூடாது என்கிற எனக்கு, அந்த மனுஷன் பெயரை எடுத்துவிடும் அதிகாரத்தை யார் கொடுத்தது?