வெள்ளை பூசாத அலை

1. நிற்கும் தண்ணீர்

அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் ஒரு லிதோ பிரஸ்ஸில் மூக்குப்பொடி, ஊதுபத்தி லேபிள்களுக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தேன். படம் போடுகிற மேஜை காலியாக இருந்தது. அந்த மேஜை மேல் எனக்குக் கொள்ளை ஆசை. நாகப்பட்டினத்து வலை வியாபாரி ஒருவர் காலண்டருக்குக் கடல் படம் கேட்டபோது, முதலாளியிடம் கெஞ்சி அந்த வேலையை வாங்கினேன்.

வியாபாரி படத்தைக் கையில்கூட எடுக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா தண்ணி நிக்குதே. எங்க ஊர்ல சிரிப்பாங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ கடலப் பாத்திருக்கியா?"

"இல்லைங்க. காவேரிதான்."

"திங்கட்கிழமை வரைக்கும் பாரு. வரலைன்னா மெட்ராஸ்ல குடுத்துடறேன். நீ லேபிளையே பாத்துக்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, என் படத்தின் மேல். நீலத்தைப் பூசி, அதன் மேல் வெள்ளை கலரில் நுரை வைத்திருந்தேன். மல்லிகைச் சரம் மாதிரி வரிசையாக இருந்தது. அந்த அலைக்கு எங்கேயும் போகிற உத்தேசமே இல்லை.

2. ஈரப் புடவை

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். காவேரிக் கரையில் அம்மா மண்டபம் படித்துறையில் குளித்துவிட்டு, அக்காவின் புடவையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மணலில் உலர்த்தினோம். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. ஓங்கி ஓர் உதறு உதறினாள். அவள் கையில் கிளம்பிய மேடு புடவை நெடுக ஓடிவந்து என் கையை வெடுக்கென்று இழுத்தது. புடவை இருந்த இடத்தில்தான் இருந்தது. ஓடிவந்தது அவள் கொடுத்த வேகம் மட்டும்.

"இன்னொரு தடவ உதறுக்கா."

"பைத்தியமா உனக்கு? கிழிஞ்சிடும்டி."

"கிழியட்டும். உதறு."

திட்டிக்கொண்டே உதறினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

3. வேட்டி நுனி

மாலையே பேப்பரை நனைத்துப் பலகையில் ஒட்டிக் காயவிட்டேன். வாட்டர்கலரில் நுரைக்குப் பேப்பரின் வெண்மையே போதும். அதைத் தொடாமல் விடுவதுதான் பெரும்பாடு. காலையில் சில தாள்கள் வீணாயின. பிறகு பெரிய பிரஷை நீலத்திலும் பச்சையிலும் தோய்த்து, அக்கா உதறியதுபோலத் தோளிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தேன். மேட்டின் உச்சிக்குப் போவதற்குள் பிரஷில் ஈரம் குறைந்துவிட்டது. அது பேப்பரைத் தொட்டும் தொடாமலும் போன இடத்தில் நுரை தானாக நின்றது.

வியாபாரி வந்ததும் படத்தைத் தரையில் சுவரோரம் சாய்த்து வைத்தேன். கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அப்போது அவர் கை, அவரை அறியாமலே, நனைந்துவிடாதபடி வேட்டி நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தது.

முதலாளி அதைப் பார்த்துவிட்டார். "இனிமே லேபிளுக்கு வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார்.

இப்போதும் அலை வரைய வருகிறவர்களிடம் முதலில் ஈரப் புடவை ஒன்றைக் கொடுத்து உதறச் சொல்கிறேன். வெள்ளை கலர் டப்பாவை அதற்கப்புறமும் கொடுப்பதில்லை.