பாப்பா ஏறினால் படுத்துக்கொள்கிற மோட்டார்

படகுக்காரனை நாங்கள் எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான். இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போவது தொழில். ஏறுகிறவர் ஒரு காலை உள்ளே வைத்ததுமே "நிதானம், நிதானம்" என்பான். மழை கொட்டு கொட்டென்று கொட்டினாலும் அதே பாட்டுத்தான். துறையில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிற எனக்கோ நிதானம் என்றாலே ஆகாது. ஆனாலும் அவனோடுதான் இத்தனை காலமாகக் குப்பை கொட்டுகிறேன்.

படகின் பின்னால் அவன் மாட்டியிருக்கிற மோட்டார் ரெண்டு கை மாறி வந்தது. பெயின்ட் எல்லாம் உரிந்துபோய் முதலில் என்ன நிறம் என்றே தெரியாது. பார்க்கத்தான் அப்படி, இழுத்தால் சொன்ன பேச்சைக் கேட்கும். அதுதான் கொஞ்ச நாளாக மக்கர் பண்ண ஆரம்பித்தது.

"நடு ஆத்துல தம் போயிடுதுண்ணே" என்று வந்து நின்றான். "ஃபுல்லா முறுக்கினா கொஞ்ச தூரம் ஓடுது. அப்புறம் முனகிக்கிட்டே அடங்கிடுது. பெட்ரோல் இருக்கான்னு மூடியத் திறந்து பாக்கறேன், இருக்கு. மறுபடி கயித்த இழுத்தா ஓடுது."

"புதுசா எதையாவது மாத்தினியா?"

"ஒண்ணும் மாத்தலண்ணே."

மோட்டாரை மட்டும் கழற்றித் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தான். பிளக்கை மாற்றினேன். கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, என் பெட்ரோல் டாங்கை மாட்டி ஓடவிட்டால் கல்யாண வீட்டு மேளம்போல முழங்குகிறது. எடுத்துப் போனான். ரெண்டு நாளில் திரும்பி வந்தான். சூடேறினால் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயில் அடிபடுகிறதோ என்று அதையும் மாற்றிப் பார்த்தேன். மறுபடி வந்தான். எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

இதற்கு நடுவில் இன்னொரு கதை கிளம்பியது. நிதானத்தின் தங்கைக்கு நாற்பது தாண்டிவிட்டது, ஆனால் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். புருஷன் செத்த பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், மூலையில் முடங்கிக் கிடக்காமல் அக்கரை ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்தில் வேலை தேடிக்கொண்டாள். வாரத்தில் சில நாள்தான் வேலை. போர்வை போர்வையாக மடித்து மடித்துப் பழகிய கை சும்மா இருக்காது. பேசும்போதுகூடக் கைக்குட்டையை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருப்பாள்.

மோட்டார் நிற்பதெல்லாம் அவள் வருகிற நாளில்தான் என்று, தினமும் கூடையோடு படகேறுகிற காய்கறிக்காரம்மா கண்டுபிடித்தாள். "அந்தப் பாப்பா ஏறினாலே மோட்டார் படுத்துக்குது. ராசி அப்படி" என்று துறை முழுக்கச் சொல்லிவைத்தாள். அதன்பிறகு பாப்பா ஏறினால் நாலு பேர் அடுத்த நடைக்கு வருவதாகச் சொல்லி நின்றுவிடுவார்கள். ஏறுகிறவர்களும் முன்பக்கம் நெருக்கியடித்து உட்காருவார்கள். அவள் பின்னால் அண்ணன் பக்கத்தில் தனியாக உட்காருவாள்.

"பஸ்ல போகச் சொல்லிடலாமான்னு பாக்கறேண்ணே" என்றான் நிதானம், என் முகத்தைப் பார்க்காமல். பாலத்தைச் சுற்றிப் போகிற பஸ் அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாதி வேலை நேரம் முடிந்துவிடும். வேலை போய்விடும் என்று அவனுக்கும் தெரியும். "வேலைய விட்டுடறேன், உன் பொழப்பு கெட வேணாம்னு அவளே சொல்லிட்டா."

எனக்கு வந்ததே கோபம். "ராசியாம் ராசி. ஏறினது யாருன்னு மோட்டாருக்கு எப்படிடா தெரியும்? நாளைக்கு நானும் வர்றேன். பாப்பாவையும் வரச் சொல்லு."

மறுநாள் காலையில் ஏறி உட்கார்ந்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாப்பாவின் காலடியில் பளபளவென்று புது பெட்ரோல் டாங்க்.

"எப்படா வாங்கினே இதை?"

"பழசு துருப்புடிச்சு ஒழுகிச்சு. அது டாங்குதானேண்ணே, மோட்டார் இல்லையே."

பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் குனிந்து டாங்கின் மூடியில் ஏதோ செய்துவிட்டுக் கயிற்றை இழுத்தான். பாதி ஆறு தாண்டியதும் சத்தம் இறங்கியது. முன்பக்கம் காய்கறிக்காரம்மா பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்துப் பாப்பாவைக் காட்டினாள். பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் பெட்ரோல் குழாயில் இருக்கிற ரப்பர் பந்தைத் தொட்டேன். சப்பிப்போய்க் கிடந்தது. டாங்க் மூடியின் மேலே இருக்கிற சின்னக் காற்றுத் திருகைத் தளர்த்தினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பந்தை நாலு தடவை அமுக்கினேன். அடங்கப் போன மோட்டார் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது.

"இதை மூடினது யாரு?"

"நான்தாண்ணே."

"ஏண்டா?"

"பெட்ரோல் வாடைன்னா பாப்பாவுக்குக் கொமட்டும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அதான் அவ வர்ற அன்னைக்கு மட்டும் மூடிடுவேன். எறங்கினதும் திறந்துடுவேன். பழைய மூடில வெறும் ஓட்டைதானேண்ணே. இதை, வாடைய அடைக்கறதுக்குன்னு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

"காத்து உள்ள போறதுக்குடா அது. காத்து போகாம பெட்ரோல் எப்படி வெளிய வரும்? மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு ஓடுன்னா நீ ஓடுவியா?"

அவன் குனிந்து அந்தத் திருகை விரலால் தொட்டுப் பார்த்தான். பாப்பாவின் கையில் கைக்குட்டை பாதி மடிப்பில் நின்றுவிட்டது.

"எனக்காகவா மூடினே?" என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவள் அழுதுவிட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பி மோட்டாரை ரெண்டு திட்டு திட்டினேன்.

அடுத்த முறை அவள் வேலைக்குப் போன அன்றும் நான் துறையில்தான் இருந்தேன். "முன்னாடி வா பாப்பா, இங்க வாடை வராது" என்று காய்கறிக்காரம்மா தன் கூடையை நகர்த்தி இடம் போட்டாள். பாப்பா அவளைப் பார்த்துச் சிரித்தாள். "இருக்கட்டும்" என்று பின்னால் போய் டாங்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நிதானத்தின் கை பழக்கதோஷத்தில் திருகுக்குப் போனது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதண்ணா. வாடை எனக்குப் பழகிடும். ராசியில்லாதவங்கற பேருதான் கடைசி வரைக்கும் பழகல."

அவன் கையை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கயிற்றை இழுத்தான்.