பாதிக்கப்பட்டவரின் கொப்பி

விசாரணைத் தாளில் இரத்தினசிங்கம், “சிறுவிமான இரைச்சலால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட அயலவர்”. மனைவி விக்னேஸ்வரியைக் கேட்டால், குக்கர் ஏழு விசில் அடித்தாலும் அசையாத மனுஷன் என்பார். இரண்டு காதுக்கும் மெஷின் உண்டு. அது பெரும்பாலும் சட்டைப் பையில் இருக்கும்.

ஆனால் முறைப்பாடு உண்மையானது. நியூசிலாந்தின் புக்கெகோஹியில் இவர் வேலிக்கு அந்தப் பக்கம் குணசீலனின் வெங்காயத் தோட்டம்; நடுவில் அறுநூறு மீட்டருக்குப் புல் ஓடுதளம். குணசீலன் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து குடியேறியவர்; அவருடைய கூட்டாளிகள் இரண்டு இருக்கை விமானங்களில் வந்து இறங்குவார்கள்.

“இஞ்சாருங்கோ, வந்திட்டுது!” என்று விக்னேஸ்வரி ஜன்னலில் நின்று கைகாட்டுவார். இவர் மெஷினை மாட்டிக்கொண்டு பைனாகுலரோடு முற்றத்துக்கு ஓடுவார். கேட்டால்தானே பாதிக்கப்பட முடியும்? தேதி, நேரம், விமானத்தின் பதிவு எழுத்துகள் எல்லாம் கொப்பியில் ஏறும். மாதக் கடைசியில் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் போகும்.

பக்கத்து நிலத்தில் வீடு கட்ட வந்த கம்பனிக்கும் ஓடுதளம் இடைஞ்சல். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து எதுவும் இறங்காவிட்டால் தளத்தின் பழைய உரிமை போய்விடும். 2023 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வருஷம் அது சும்மா கிடந்தது என்றது கம்பனி. மறுத்துக் காட்டக் குணசீலனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

விசாரணைக்கு முன் நடைவழியில் குணசீலன் சொன்னார்: “அங்கிள், நீங்க ஜெயிச்சிட்டீங்க லா. ஆமா, சும்மாதான் கிடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், எல்லாத்தையும் மூடிருவாங்க.”

“ஓம் தம்பி. இனியாவது நிம்மதியா நித்திரை கொள்ளுவம்.”

“நீங்க எப்ப அங்கிள் தூங்காம இருந்தீங்க?”

கம்பனி வக்கீல் இவரைத் தங்கள் சாட்சியாகவே கூப்பிட்டார். “2023இல் எந்த விமானமும் வரவில்லை, அல்லவா?”

“நான் கடிதம் எழுதியிருக்கிறேனே.”

“லாரிச் சத்தமாக இருந்திருக்கும்,” என்றார் வக்கீல் கனிவாக. “உங்கள் காது அப்படி.”

இரத்தினசிங்கத்தின் முகம் சிவந்தது. பதினொரு வருஷ முறைப்பாட்டை இதுவரை யாரும் பொய் என்றதில்லை. குணசீலன்கூட “தொல்லை” என்றுதான் சொல்லியிருக்கிறார்.

இரத்தினசிங்கம் கொப்பியைத் திறந்து, 2023இல் இறங்கிய நாற்பத்தொரு விமானங்களையும் தேதி, நேரம், எழுத்துகளோடு ஒவ்வொன்றாக வாசித்தார். ஓடுதளம் மூடப்படவில்லை.