நஃபீசா வண்டி பார்க்கப் போனாள்

முத்துப்பேட்டை நஃபீசாவிடம் ஒரு சாமானை விற்றுவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்த வியாபாரி கிடையாது. மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். அவள் செவுளைப் பார்த்த கையோடு மீன்காரியின் முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பாள். கேஸ் சிலிண்டரை எடை போடாமல் வாசற்படி தாண்ட விடமாட்டாள். வீடு கட்டியபோது கொத்தனார் கலவை போடும் இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்யாண மருதாணி அழிவதற்குள் புருஷன் கலந்தர் கத்தாருக்கு விமானம் ஏறிவிட்டார். அங்கே டிரெய்லர் லாரி ஓட்டினார், லீவுக்கு வந்து போவதோடு சரி. இங்கே பெண்கள் இருவரையும் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்ததெல்லாம் இவள் ஒருத்தி. தனியாக இருக்கும் பெண்ணை ஊர் என்னென்ன விதமாக ஏமாற்றப் பார்க்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

இந்த ஆனியில் கலந்தர் ஒரேயடியாக வந்துவிட்டதாகச் சொன்னார். வந்த வேகத்தில் ஒரு பழைய ஃபைபர் படகும் அதை ஏற்றும் டிரெய்லரும் வாங்கினார். காயலில் மீனவர்களிடமே நண்டும் இறாலும் வாங்கி வந்து விற்கலாம் என்பது யோசனை. ஆனால் கஜா புயலில் துறையில் கட்டிக் கிடந்த படகுகள் பட்ட பாட்டை ஊரே பார்த்திருக்கிறது. புயல் அறிவிப்பு வந்தால் படகைத் தண்ணீரிலிருந்து இழுத்து வீட்டுக்குக் கொண்டுவர ஒரு வண்டி வேண்டும். வண்டி கிடைக்கும் வரை படகு கொல்லையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

அதிராம்பட்டினத்தில் பார்த்த ஜீப்பின் அடிப்பாகம் துரு என்றார் கலந்தர். மன்னார்குடி வண்டிக்கு இஞ்சின் சத்தம் சரியில்லை என்றார். நஃபீசாவும் ஒத்துக்கொண்டாள். குறை சொல்வதில் அவள் யாருக்கும் இளைத்தவளா? ஆனால் இரண்டாவது வண்டி பார்த்துத் திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஒன்று சொன்னார். வண்டி அமையாவிட்டால் போய்விட வேண்டியதுதானாம், கம்பெனியில் இன்னும் கூப்பிடுகிறார்களாம். கத்தாரிலிருந்து கொண்டுவந்த பெட்டி இன்னும் பரணுக்குப் போகாமல் கதவுக்குப் பின்னால் நிற்பது அன்றைக்குத்தான் அவள் கண்ணை உறுத்தியது. இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த மனிதரை மறுபடி அனுப்ப அவளுக்கு மனசில்லை.

மூன்றாவது வண்டி பூதலூரில். விவசாயி இராஜாங்கத்தின் பழைய ஏழு சீட்டு எஸ்யூவி, நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். நஃபீசா மிதியடியைத் தூக்கி முகர்ந்தாள், வெள்ளத்தில் ஊறிய வண்டியா என்று. சீட்டுக்கு அடியில் விரலை விட்டு வண்டல் தேடினாள். கதவின் கீழ்விளிம்பைத் தடவி விரலை நாக்கில் வைத்தாள். உப்பில்லை. பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கி இருந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் மினுங்கியது.

எதை மறைக்க இந்தப் பெயின்ட் என்று கேட்டாள். சேற்றில் இறங்கிய டிராக்டரை இழுத்தபோது கொக்கி வளைந்துவிட்டது, அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கனமாக வைத்திருக்கிறேன் என்று பழையதையும் கொண்டுவந்து காட்டினார் இராஜாங்கம். அவள் இரண்டையும் தட்டிப் பார்த்தாள்.

ரோட்டில் எந்த வண்டியும் படகை இழுக்கும், வழுக்குகிற துறை மேட்டில் ஏற வேண்டும், அதுதான் விஷயம். குறுவை நெல் மூட்டை இராஜாங்கம் வீட்டில் அடுக்கியிருந்தது. படகும் இஞ்சினும் எத்தனை மூட்டை கனம் வரும் என்று கணக்குப் போட்டு, அத்தனையையும் அவருடைய டிரெய்லரில் ஏற்றி வண்டியில் மாட்டச் சொன்னாள். சந்தேகத்துக்கு மேலே இரண்டு மூட்டை. வயலிலிருந்து வாய்க்கால் கரைக்கு ஏறும் சரிவில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். இராஜாங்கம் ஓட்டினார். வண்டி ஒருமுறை உறுமிவிட்டுக் கரையேறி நின்றது.

நஃபீசாவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கலந்தர் மட்டும் கிட்டே போய் மூக்கைச் சுருக்கினார்.

"கிளட்ச் கருகுற வாசனை வருது. இது தாங்காது."

அவளும் முகர்ந்தாள். சேற்று வாசனையும் நெல் வாசனையும்தான் வந்தன. அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்காரி ஐஸில் கிடந்த மீனைப் புதுசு என்று சொல்லும்போது இப்படித்தான் வேறெங்கோ பார்ப்பாள். உலகத்தையே சந்தேகப்பட்டவள் இந்த ஒருவரை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை. அவரைக் கரையோரம் தள்ளி அழைத்துப் போனாள்.

"வாசனை வரல மச்சான். போகணும்னு இருக்கா?"

கலந்தர் ஒரு மண்ணாங்கட்டியைக் காலால் வாய்க்காலில் தள்ளினார்.

"அங்க இருந்தப்ப தினம் போன்ல என்கிட்ட ஒரு யோசனையாவது கேப்ப. இங்க வந்தப்புறம் நீ எதுவுமே கேக்கல, நஃபீசா."

அவளுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து பேசியது அவள், மூட்டை ஏற்றச் சொன்னது அவள், இராஜாங்கத்தை ஓட்டச் சொன்னதும் அவள்தான். பாலைவனத்தில் டிரெய்லர் ஓட்டிய மனுஷன் கல்யாண வீட்டில் யாரும் பந்திக்குக் கூப்பிடாத விருந்தாளி மாதிரி கரையில் நின்றிருக்கிறார். தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. நேராகப் போய் இராஜாங்கத்திடம் சாவியை வாங்கி வந்தாள்.

"நீங்க ஓட்டிப் பாருங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான். வேணாம்னாலும் சரி."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. இந்தத் தடவை அவள் வாயைத் திறக்கப் போவதில்லை, அவர் பொய் சொன்னாலும்.

கலந்தர் வண்டியைக் கீழே இறக்கி, பாரத்தோடு மறுபடி ஏற்றினார். பாதிச் சரிவில் வேண்டுமென்றே நிறுத்தினார். பின்பக்கம் சற்று நழுவியது. நஃபீசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் அவசரப்படாமல் நாலு சக்கரத்துக்கும் மாற்றி, மெல்ல எடுத்தார். வண்டி ஊர்ந்து மேலே வந்தது. அவர் இறங்கிச் சக்கரம் சக்கரமாகக் குனிந்து பார்த்தார். கொக்கியைப் பிடித்து ஆட்டினார்.

"பின் டயர் ரெண்டையும் மாத்தணும். மத்தபடி இழுக்கும்," என்றார் அவளிடம், முகத்தைப் பார்த்து.

நஃபீசா தலையை ஆட்டினாள்.

வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் கதவுக்குப் பின்னால் பெட்டி இல்லை. பரணில் இருந்தது. கலந்தர் கொல்லையில் தார்ப்பாயை உருவிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்காத நேரமாக நஃபீசா ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டி காலியாகத்தான் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள்.