தங்கபாண்டி போட்ட சுக்குக் காப்பி

கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த வேலாயுதனின் டீக்கடையில் தங்கபாண்டி மாஸ்டராக இருந்தான். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து மலையாள நாட்டுக்கு வந்து, முதலில் டம்ளர் கழுவி, பிறகு வடை போட்டு, கடைசியில் பாய்லர் முன்னால் நின்றவன். காலையில் கடை திறந்ததும் முதல் டம்ளர் டீயைத் தெருவில் ஊற்றுவான், அது சாமிக்கு. இரண்டாவது டம்ளரைத் தானே குடிப்பான். பால் திரிந்திருக்கிறதா, தூள் மாறியிருக்கிறதா என்று அந்த ஒரு வாயில் தெரிந்துவிடும். அவன் குடித்துத் தலையசைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு டம்ளர் போகும். "மாஸ்டர் செத்தில்லல்லோ? அப்போ எனக்கு ஒண்ணு எடு" என்று பஸ் டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவன் மனைவி கலைச்செல்வி போனக்காட்டுக்காரி. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறவள். அப்பா இருந்த காலம்வரை ஃபாக்டரியில் தூள் சலித்தவர். கல்யாணமாகி வந்த புதிதில் தங்கபாண்டி கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "பழைய தூளையும் சேர்த்துக் கலந்திருக்காரு ஒங்க முதலாளி" என்றாள். தங்கபாண்டி அதை வேலாயுதனிடம் கேட்டபோது அவர் காதைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் டீ போடுவது தங்கபாண்டி, குற்றம் சொல்வது கலைச்செல்வி என்று ஆயிற்று. இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

முதல் கர்ப்பம் தங்கவில்லை. 1996 மாசி மாதம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது காய்ச்சல் கண்டது. விதுரா சந்தையில் ஒரு பெட்டிக்கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். மறுநாள் கரு கலைந்துவிட்டது. மாத்திரையால் இல்லை, காய்ச்சலால்கூட இருக்கலாம், காரணமே தெரியாமலும் நடப்பதுண்டு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கலைச்செல்வி கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. மாத்திரையைப் போட்டதும் அவள், போனதும் அவளிடமிருந்து. வேறு என்ன கணக்கு வேண்டும் என்பது அவள் நினைப்பு.

மறு வருடம் மீண்டும் உண்டானாள். ஆறாம் மாதத்தில், வைகாசி பாதியில் தொடங்குகிற எடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. அட்டக்குளங்கரைக்குப் பின்னால் தாழ்ந்த இடத்தில் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். சுவர் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, பாய்கூட நனைந்த மாதிரியே இருக்கும். ஜலதோஷம் என்றுதான் ஆரம்பித்தது. பத்து நாளில் மூக்கு முழுக்க அடைத்து, கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கனத்துவிட்டது. அவள் கோட்டைக்குள் ஒரு தெருவில் வாலாம்பாள் மாமி வீட்டில் முற்றம் பெருக்கிப் பாத்திரம் தேய்த்துவந்தாள். குனிந்தால் நெற்றியிலிருந்து கன்னத்துக்கு ஒரு கல் உருண்டு வருகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு சுசீலாபாய் தினமும் தலைக்குக் குளிக்கச் சொன்னாள். "எடீ மோளே, எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு உச்சியிலே ராஸ்னாதிப் பொடி திருமித் தேய்க்கணும். குளிக்காம இருந்து இருந்து நீரெல்லாம் மண்டையில கெட்டிக் கிடக்கு. பாண்டிக்காரங்களுக்கு இது அறியாது."

"பாண்டிக்காரி மண்டையில அவ்வளவு தண்ணி ஏதுக்கா? எங்க ஊர்ல குடிக்கவே கிடையாது" என்றான் தங்கபாண்டி.

"நீ ஒண்ணும் பறயண்டா. உன்னோட மண்டை டீ வெந்த மண்டை."

வாலாம்பாள் மாமி நேர்மாறாகச் சொன்னாள். "தலைக்கு விட்டுண்டியோ, தொலைஞ்சே. துடைச்சு விட்டுக்கோ போதும். மிளகுக் கஷாயம் வச்சுத் தரேன், மூஞ்சியச் சுளிக்காமக் குடி. நெத்தியில சுக்குப் பத்துப் போடு." காலையில் சுசீலாபாய்க்காகத் தலைக்குக் குளித்து, பொடி தேய்த்து, மாமி வீட்டுக்குப் போகுமுன் கூந்தலைத் துணியால் முறுக்கி ஈரமே தெரியாமல் கட்டிக்கொண்டு போவாள் கலைச்செல்வி. அங்கே கஷாயம். திரும்பி வந்ததும் சுக்குப் பற்று. அது கண்ணோரம் வரை வழிந்து, தோல் வெந்து சிவந்தது. விதுரா பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டதில், மலையிலிருந்து அவள் அம்மா ஒரு மூட்டை தைல மர இலை அனுப்பினாள். அதையும் கொதிக்கவைத்து ஆவி பிடித்தாள். அந்த நெடியில் மூச்சு முட்டி வாந்தி எடுத்தாள்.

ஒன்றையாவது நிறுத்து என்று சொல்ல தங்கபாண்டிக்கு நாக்கு வரை வரும். ஆனால் இவன் கடையில் நிற்கும்போது அவளுக்கு வலி கண்டால், ஆட்டோ பிடிக்க ஓடப்போவது சுசீலாபாய். பிரசவம் முடிந்து ஒரு மாதம் வேலைக்கு வராவிட்டாலும் வேறு ஆள் வைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பது மாமி. அம்மாவோ வேலையை விட்டு இறங்கி வர முடியாதவள். அவர்கள் கொடுத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கலைச்செல்வியும் அதனால்தான் எல்லாவற்றையும் செய்தாள்.

அவனால் ஆனது வெந்நீர். விடிந்தது முதல் முகமெல்லாம் ஆவி அடிக்க நிற்கிறவன். சளி என்று ஒருநாள் படுத்ததில்லை. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் பாய்லரிலிருந்து தூக்குவாளி நிறையப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவான். போர்வைக்குள் அவள் முகத்தைக் காட்டுவாள். கொஞ்ச நேரம் ஒரு பக்க மூக்கு திறக்கும். "இப்ப வருது, இப்ப வருது" என்பாள். அவன் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு கடைக்குத் திரும்புமுன் மறுபடி அடைத்துவிடும். படுத்தால் மூச்சு நிற்கிறது என்று சுவரில் தலையணை சாத்தி உட்கார்ந்தே தூங்கினாள்.

காய்ச்சல் தொட்டதும் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். லேடி டாக்டர் கன்னத்தில் விரலை வைத்து அழுத்தினார். கலைச்செல்வி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். மூக்கை ஒட்டிய குழிகளில் சளி தேங்கிப் பழுத்திருக்கிறது, சைனஸ் என்றார் டாக்டர். வெறும் வெந்நீர் ஆவி நல்லது, கொதித்து ஆறின நீரில் உப்புப் போட்டு மூக்கைக் கழுவலாம், தலையை உயர்த்திப் படுக்கலாம், பற்றும் பொடியும் தைல இலையும் வேண்டாம் என்றார். காய்ச்சல் வந்துவிட்டதால் இனி அது மட்டும் போதாது என்று மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். "இது கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறதுதான். வேளை தவறாம முழுசும் சாப்பிட்டு முடிக்கணும். விட்டா உனக்கும் ஆகாது, குழந்தைக்கும் ஆகாது."

வீட்டுக்கு வந்ததும் கலைச்செல்வி மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.

"போட்டுக்கோ புள்ள."

"மாட்டேன்."

"படிச்சவங்க சொல்றாங்கள்ல."

"போன தடவையும் மாத்திரைன்னுதான் கொடுத்தாங்க."

"அது பெட்டிக்கடைல வாங்குனது. இது டாக்டரு எழுதினது."

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான். எனக்கு வலிச்சா வலிச்சிட்டுப் போவுது. பொறுத்துக்குறேன். இது நிலைக்கணும்."

சுசீலாபாயும் சொல்லிப் பார்த்தாள். மாமி, "டாக்டர் சொன்னா சரிடி" என்றாள். ஆனாலும் கஷாயத்தை நிறுத்தவில்லை. மறுநாளும் அட்டை பிரிக்கப்படாமலே இருந்தது. அவள் உடம்பு அனலாகக் காய்ந்தது.

அந்தச் சாயங்காலம் தங்கபாண்டி சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். சுக்குக் காப்பி போடுகிறேன் என்றான். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். சுக்கைத் தட்டினான், மிளகைத் தட்டினான். அதே அம்மியில் மாத்திரையையும் வைத்து நசுக்கினான். கருப்பட்டியை வழக்கத்தைவிட இரண்டு பங்கு போட்டான். மூக்கு அடைத்தவளுக்கு எந்த மணமும் தெரியாது. மூன்று வாரமாக, குழம்பில் உப்பு இருக்கிறதா என்றுகூட அவனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஒரு வேளை உள்ளே போகட்டும், நாளைக்குக் காலை ஒரு வேளை. காய்ச்சல் இறங்கின பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். உயரத் தூக்கி ஆற்றிக் கொடுத்தான்.

அவள் ஒரு வாய் குடித்தாள். விழுங்கினாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இதுல என்ன போட்டீங்க?"

"சுக்கு, மிளகு, கருப்பட்டி."

"அப்புறம்?"

அவன் அம்மியைத் துடைக்கத் திரும்பினான். மணம் போனாலும் கசப்பு போவதில்லை. சுக்குக்கும் மிளகுக்கும் கீழே வேறொரு கசப்பு நாக்கின் அடியில் நிற்பதைத் தூள் சலித்தவரின் மகள் கண்டுகொண்டாள். இவ்வளவு கருப்பட்டி எதற்கு என்றும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்துபோய்ச் சாக்கடை ஓரம் உட்கார்ந்து தொண்டைக்குள் விரலைவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். பிறகு உள்ளே வந்து வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள்.

பிள்ளை அசைகிறதா என்று பார்க்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. கேட்கப் பயந்து வாசற்படியில் நின்றான். ஓட்டுத் தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. சுசீலாபாய் வீட்டில் விளக்கு ஏற்றி நாமம் சொல்லி முடித்தார்கள். அதற்கப்புறம்தான் கலைச்செல்வி ஒரு கையை எடுத்தாள். அசைந்துவிட்டது என்பதை அவளாகச் சொல்லவில்லை. அந்தக் கையைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொண்டான்.

"கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

"கேட்டேனே. மாட்டேன்னுட்டியே."

"மாட்டேன்னு சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?"

அதற்குப் பிறகு அவன் கையால் எதையும் அவள் வாங்கிக் குடிக்கவில்லை. பாய்லர் வெந்நீரை அவன் கொண்டுவந்தால், ஆவி பிடிக்க எடுத்துக்கொள்வாள். குடிக்கச் சுசீலாபாய் வீட்டில் கஞ்சித்தண்ணீர் வாங்கிக்கொள்வாள். "என்னடா, சண்டையா?" என்று சுசீலாபாய் கேட்டதற்கு அவன் இல்லை என்றான். கடையில் சாமிக்கு ஊற்றினான், ஒரு வாய் குடித்தான், தலையசைத்தான். டிரைவர்கள் வழக்கம்போல் அவன் சாகாததைக் கேட்டு டம்ளர் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் வாலாம்பாள் மாமி வீட்டிலிருந்து ஆள் வந்தது. முற்றத்தில் கலைச்செல்வி குளிர் கண்டு உதறி உட்கார்ந்துவிட்டாள், ஒரு கண் இமை வீங்கி மூடிக்கொண்டது, மாமியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள் என்றார்கள். தங்கபாண்டி கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். வேலாயுதன் அதை வாங்கிக்கொண்டார். "நீ போய்க்கோ. பாய்லர் ஞான் நோக்காம்."

பெண்கள் வார்டுக்குள் பார்வை நேரத்தில்தான் ஆண்களை விடுவார்கள். வராந்தாவில் மாமி மடிசாரை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "கண்ணுக்குப் பரவ ஆரம்பிச்சுடுத்தாம். ஊசி ஏத்தறா. நானும் கஷாயத்தைக் குடி குடின்னு குடுத்தேனே, தங்கபாண்டி" என்றாள். தான் கொடுத்ததை அவளிடம் சொல்ல அவனால் முடியவில்லை. நர்ஸ் வெளியே வந்து, குழந்தையின் துடிப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊசி போடும்போது கலைச்செல்வியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தெம்பும் இல்லை.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். வெதுவெதுப்பாக நிறையக் குடிக்கவேண்டும் என்று சொல்லியிருந்ததால் ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் பிளாஸ்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டு போனான். அவள் ஒரு கண்ணால் பிளாஸ்கைப் பார்த்தாள்.

"என்னது?"

"வெந்நி."

"வெந்நி மட்டுந்தானா?"

அவன் மூடியில் ஊற்றி, அவள் பார்க்க ஒரு வாய் குடித்தான். அவள் அவன் தொண்டை இறங்குவதைப் பார்த்தாள். பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டினாள். ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். பக்கத்துக் கட்டில்காரி, "இதென்ன, ராஜாவுக்குப் பரிசோதிக்கிற மாதிரி" என்று சிரித்தாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

வீக்கம் வடிந்தது. கண் திறந்தது. மழைக்காலம் கழிந்து பெண் குழந்தை பிறந்தது. சுஜா என்று பேர் வைத்தார்கள். ராஸ்னாதிப் பொடியோடு சுசீலாபாயும், பிரசவ லேகியத்தோடு மாமியும் வந்தார்கள். கலைச்செல்வி இரண்டு பேரிடமும் சிரித்துப் பேசி வாங்கிவைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் மணக்காட்டுக்கு வீடு மாறினார்கள். சுஜா பள்ளிக்கூடம் போய், வீட்டில் பாதி மலையாளம் பேசுகிறாள். தங்கபாண்டி இன்றும் அதே பாய்லர் முன்னால்தான் நிற்கிறான். வீட்டில் டீ போடுவதும் அவன்தான். ஆனால் கலைச்செல்வி இப்போது தூளைப் பற்றிக் குற்றம் ஒன்றும் சொல்வதில்லை. ஆற்றி முடித்ததும் முதலில் அவன் ஒரு வாய் குடிக்கிறான். பிறகு டம்ளரை அவளிடம் நீட்டுகிறான். இனி குடித்துக்காட்ட வேண்டாம் என்று ஒருநாள் சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் ஒவ்வொரு நாளும் குடிக்கிறான். அவள் சொன்னதில்லை. பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாங்கிக்கொள்கிறாள்.